பருத்திக் காட்டில் எழுதிய நாடகம்

அந்த வருஷம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் போடுவதென்று ஊரில் முடிவானதும், எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். மாசியில் எழுதத் தொடங்கினேன். மாசியில்தான் எங்கள் கரிசல் காட்டில் பருத்தியும் வெடித்தது.

பருத்தியை விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு எழுத்து ஓடுவதும் அந்த விடிகாலையில்தான். நான்கு நாள் நோட்டோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் நாள் என் மனைவி சாக்கைக் கொண்டுவந்து நோட்டின் மேல் வைத்தாள்.

"எழுத வேண்டாங்கல. காட்டுல வந்து எழுதுங்க. பருத்தி எடுக்கது கைதான, வாய் சும்மாத்தான இருக்கு?"

கோபத்தோடுதான் போனேன். குனிந்து எடுத்துக்கொண்டே, எழுதிய காட்சியை முணுமுணுத்துப் பார்த்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, நாங்களும் கேக்கோம்" என்றார்கள் பக்கத்து நிரையில் பருத்தி எடுத்த பெண்கள்.

பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுக் கிளம்பும் புருஷனிடம் கதாநாயகி பேசுகிற இடம். "நாதா, என்னைத் தவிக்கவிட்டுச் செல்வது தகுமா?" என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

காடு முழுக்கச் சிரிப்பு.

"வீட்டுல ஒரு படி சோளம் இல்ல, அவ நாதாங்காளாம்!" என்றாள் என் மனைவி.

"பெறகு எப்படிச் சொல்லுவா?"

அவள் கை நிற்கவில்லை. "போறதுன்னா போங்க. ஒண்ணும் கெடைக்கலன்னாலும் வெறுங்கையோடயாவது வந்து சேந்துருங்கம்பா."

நிரையைப் பாதியில் விட்டு நோட்டு வைத்திருந்த வரப்புக்கு ஓடினேன். "இத யாரு முடிப்பா?" என்று பின்னாலேயே அவள் குரல் வந்தது. அதன்பின் நாடகம் முழுவதும் அங்கேயே வளர்ந்தது. வில்லனுக்கு வசவு சொல்லித்தர மட்டும் பெண்களுக்குள் அடிபிடி.

பொங்கலன்று கதாநாயகி வேஷம் கட்டியவர் எங்கள் ஊர் டெய்லர். சரியாக அந்தப் பிரிவுக் காட்சியில் வசனம் மறந்து விழித்தார். நான் திரைக்குப் பின்னால் நோட்டைப் புரட்டுவதற்குள், கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரே குரலில் அதைச் சொல்லிவிட்டார்கள். டெய்லர் கும்பிட்டுவிட்டு, அதையே அழுதபடி திருப்பிச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

முடிந்ததும் எனக்கு மாலை போட்டார்கள். நான் இறங்கிப்போய் அதை மனைவியிடம் நீட்டினேன்.

"எல்லாரும் பாக்காவ" என்று தலையைக் குனிந்தாள். ஆனாலும் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தெரு வழியாக எனக்கு முன்னால் நடந்தாள்.