முட்டைக் கடிகாரம்

துணிக்கடையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, விற்ற உடுப்புகளை ஆளுக்கேற்றபடி பிடித்துக் கொடுப்பதும் தளர்த்திக் கொடுப்பதும்தான் அவள் வேலை. கழுத்தில் அளவு நாடா தொங்கும். ஆனால் அதை அவள் அதிகம் எடுப்பதில்லை. திரையை விலக்கிக்கொண்டு ஆள் உள்ளே வரும்போதே இடுப்பு எத்தனை, தோள் எத்தனை என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் தன் உடம்பைப் பற்றி மட்டும் பதினெட்டு வருஷமாக டிவி சொன்னதை நம்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பேர் பீப்பா. வைத்தவள் புருஷனின் தங்கை. கல்யாண வீடியோ டிஸ்க்காக வந்து சேர்ந்தபோது, புருஷன் புதிதாக ஒரு தட்டை டிவி வாங்கியிருந்தான். டிவி அகலம், படம் அந்தக் காலத்துச் சதுர வாகு. போட்டால் நடுவில் மட்டும் ஓடியது, இரண்டு பக்கமும் கறுப்பு.

"காசைக் கொட்டி வாங்கின டிவியில கால்வாசி இடம் சும்மா கிடக்கணுமா?" என்று அவன் ரிமோட்டில் எதையோ அமுக்கினான். படம் ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுபட்டு நிறைந்தது. மேடையில் புதுப்பெண்ணாக அவள் நின்றாள், கன்னம் உப்பி, இடுப்பு பருத்து.

"அய்யோ, அண்ணி பீப்பா மாதிரி இருக்காங்களே!" என்றாள் நாத்தனார். கூடமே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். பக்கத்தில் நின்ற புருஷனும் அகன்றுதான் போயிருந்தான். ஆனால் அது ஆம்பிளைக்கு ஒரு எடுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

பேர் ஒட்டிக்கொண்டது. விருந்தாளி வந்தால் டிஸ்க் ஓடும், டிஸ்க் ஓடினால் சிரிப்பு ஓடும். மகள் பிறந்து பேசத் தொடங்கியபோது "அம்மா அப்பவே பீப்பா" என்று மழலையில் சொன்னாள், அதற்கும் எல்லாரும் கைதட்டினார்கள். அவள் தொளதொளவென்ற உடுப்புக்கு மாறினாள். தட்டில் இரண்டாவது தடவை போட்டுக்கொள்வதை விட்டாள். தானே தைத்த கல்யாண ரவிக்கை ஒருநாள் பெட்டியில் கையில் பட்டது. விரித்துப் பார்த்தால் குழந்தை உடுப்பு போல இருந்தது. துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது என்று மடித்து உள்ளே வைத்தாள். தினம் துணியோடு மல்லுக்கட்டுகிற கைக்கு அது சுருங்குகிற துணியே இல்லை என்பது தோன்றவில்லை.

இந்த வருஷம் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு அல்ட்ரா ஹெச்டி டிவி வந்தது. முதல் வேலையாகக் கல்யாண டிஸ்க்கைப் போட்டார்கள். முகமெல்லாம் நனைந்த சுண்ணாம்பு போலக் கரைந்து தெரிந்தது. புருஷன் மெனுவுக்குள் புகுந்து வெளிச்சம், கலர், ஷார்ப்னஸ் எல்லாவற்றையும் நூறில் வைத்தான். இப்போது ஒவ்வொரு தலையைச் சுற்றியும் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. டூப்ளிகேட் டிவியை என் தலையில் கட்டிவிட்டாய் என்று கடைக்காரனிடம் போனில் கத்தினான். அவளுக்கு விடுமுறையான ஒரு நாளில் டிவிக் கடையிலிருந்து மெக்கானிக் வந்தான். வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"யாரு அக்கா எல்லாத்தையும் நூறுல வச்சது?"

"வீட்டுக்காரர்தான்."

"உப்பு டப்பாவை அப்படியே கவுத்துட்டாரு."

டிஸ்க் பிளேயரிலிருந்த பழைய மஞ்சள் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஹெச்டிஎம்ஐ ஒயரைச் சொருகினான். கண்ணைப் பறித்த கலரைச் சினிமா மோடுக்கு மாற்றினான், ஷார்ப்னஸை அடிமட்டத்துக்கு இறக்கினான், அசைவை வழவழப்பாக்கும் எதையோ அணைத்தான். "டிஸ்க்ல இருக்கறதுதான்கா வரும். அதுக்கு மேல கேட்டா டிவி கற்பனை பண்ணிக் காட்டும். இதைக் கொஞ்சம் தள்ளி உக்காந்து பாருங்க, போதும்." கிளம்பப் போனவன் திரையில் மேடைக்கு மேலே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து நின்றான். "அந்த மண்டபத்துல கடிகாரம் முட்டை மாதிரியா இருந்துச்சு?"

"வட்டம்தான்."

"அப்ப படத்தை இழுத்து வச்சிருக்கீங்க."

ஒரே அமுக்கல். இரண்டு பக்கமும் கறுப்பு வந்து நின்றது. கடிகாரம் வட்டமானது. அதன் கீழே கழுத்தெலும்பு தெரிய ஓர் ஒல்லிப் பெண் நின்றாள். கண் தன் பாட்டுக்கு அளவெடுத்தது. இடுப்பு இருபத்தாறு.

மெக்கானிக் போனதும் பெட்டியைத் திறந்து ரவிக்கையின் மேல் நாடாவை வைத்தாள். இருபத்தாறு. துணி சுருங்கவே இல்லை. சாப்பிடாமல் எழுந்த சாப்பாடெல்லாம் ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பம் டிவி பார்க்க வரப்போகிறது. அவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, அந்தப் பேரை வைத்த வாயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது ஒன்று போதும்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் ஓடத் தொடங்கியதும் புருஷன் முகம் சுளித்தான். "என்னது இது, ரெண்டு பக்கமும் கதவு சாத்தின மாதிரி?"

"அப்படியே விடுங்க. இதுதான் நிஜமான படம். அந்தக் கடிகாரத்தைப் பாருங்க, வட்டமா இருக்கா? இத்தனை நாளா நம்ம டிவியில அது முட்டை."

எல்லாரும் பார்த்தார்கள். மகள் திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, இது நீயா?" என்றாள் மெதுவாக.

"நான்தான்."

மகளைத் தவிர அங்கே இருந்த அத்தனை பேரும் அன்று அந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அவளைக் கண்ணால் பார்த்தவர்கள். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கும் உறைக்கும் என்று காத்திருந்தாள்.

நாத்தனார்தான் வாயைத் திறந்தாள். "அடடே, அப்ப எங்கண்ணன் ஒல்லியாத்தான் கூட்டிட்டு வந்திருக்கான்! எங்க வீட்டுச் சாப்பாட்டுலதான் பீப்பா ஆனீங்களா அண்ணி?"

கூடம் குலுங்கியது. மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க எல்லாரும் என்னை நேர்லயே பாத்தீங்களே," என்றாள் அவள்.

"யாருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கு, விடு," என்று புருஷன் ரிமோட்டை எடுத்தான். கறுப்பு இரண்டு பக்கமும் விலகியது, கடிகாரம் முட்டையானது. "ம், இப்பதான் படம் நிறைஞ்சிருக்கு."

அன்றிலிருந்து பீப்பா என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. கோபம் ரெண்டு நாளில் தணிந்துவிடும் என்றார்கள். தணியவில்லை. ஒருநாள் சாயங்காலம் புருஷன் கூடத்திலிருந்து பீப்பா என்று கூப்பிட்டான், கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சமையலறை வாசலுக்கே வந்தான். அவள் முதுகைப் பார்த்து வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். வாய் திறந்தபடி இருந்தது, அவளுடைய சொந்தப் பேர் அதில் வரவில்லை.

"டீ இருக்கா?" என்றான்.