குமரேசனின் இடப்பக்கம்

தெள்ளாரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் பாஸ்கரின் போன் வந்தது. பாஸ்கர் கூப்பிட்டால் நமக்கு வாய் திறக்க வேலையே இருக்காது. ஊர்க்கதை முழுவதையும் அவனே பேசிவிட்டு அவனே வைத்துவிடுவான். அன்று அவன் பேசவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. 

"சாமு, குமரேசன் போயிட்டான்டா," என்றான் கடைசியில். "நீ ஜல்தி கெளம்பி வா."

டப்பாவை மூடினேனா, அப்படியே விட்டுவிட்டு வந்தேனா என்று நினைவில்லை. ஆரணி பஸ்ஸில் ஏறியதும் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் இடது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, வலது பக்கத்தை யாருக்கோ விட்டுவைத்திருந்தேன். அது எதற்காக என்று உங்களில் சிலருக்காவது தெரியும். அமாவாசைக்கு அமாவாசை பாஸ்கரின் கடையில் கூடிய நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குமரேசனைத் தெரியாதவர்களும் படிக்கட்டும்.

நம் ஊரில் அமாவாசை என்றால் தறிக்கு விடுமுறை. கைத்தறி நிற்கும், பவர்லூம் ஷெட்டுகளும் நிற்கும். ஊரே திடீரென்று காது அடைத்ததுபோல் ஆகிவிடும். மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், தூங்குவார்கள். நாம் காலையிலேயே பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்த பாஸ்கரின் பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவோம். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கிவிட்டு, முறைபோட்டு கேம் விளையாடுவோம். எனக்கு அப்போது வேலை கிடைக்கவில்லை. குமரேசன் பாஸ்கருடைய மாமாவின் பவர்லூம் ஷெட்டில் ஃபிட்டர். தறி நின்றுபோனால் ஓட வைப்பது அவன் வேலை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த விண்வெளிக் கப்பல் கேமின் முதல் பாகத்தை நாம் எல்லோரும் முடித்திருந்தோம். திரையின் கீழே துப்பாக்கி மட்டும் தெரியும். அதைப் பிடித்திருக்கும் ஆள் நாம்தான். பிசாசு மாதிரி ஜந்துக்கள் கூட்டமாக வரும், சுட்டுத் தள்ளிக்கொண்டே போவோம். முடித்தபோது ஒவ்வொருவனும் மீசையை முறுக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். சில வருடங்கள் கழித்து இரண்டாம் பாகம் வெளிவந்தது. பாஸ்கர் சென்னைக்குப் போய் சிடி வாங்கி வந்து, கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டும் போட்டான். முதல் அமாவாசையிலேயே நம் வீரம் எல்லாம் இறங்கிவிட்டது.

அதே கப்பல்தான், ஆனால் ஆளே இல்லை. விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன. தோட்டா அரிதாகக் கிடைக்கிறது. ஜந்து கண்ணில் படாது. எங்கோ குழாய்க்குள் ஊர்ந்து வரும் சத்தம், பிறகு ஒரு மூச்சு, அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்று காதில் பிடித்துத் திரும்பினால் பிழைக்கலாம். இல்லாவிட்டால் திரை சிவந்துவிடும்.

"கிராபிக்ஸ் சூப்பரா கீது, ஆனா தோட்டாவே குடுக்க மாட்றான்," என்று பாஸ்கர் எரிந்து விழுந்தான். "மொத பார்ட்டுல தீபாவளி மாரி சுட்டுகினு இருந்தோம். இதுல திருடன் மாரி ஒளிஞ்சிகினு கீறோம். இது இன்னா கேமு?" பெரணமல்லூரிலிருந்து பஸ் பிடித்து வரும் நண்பர் ஒருவருக்கோ அது ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த மாதிரி ஒன்று வந்ததே இல்லை என்று புகழ்ந்தவர், திரும்பிப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டேன் என்றும் சொன்னார். என் சங்கதி வேறு. மூச்சுச் சத்தம் கேட்டவுடன் எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும். அன்று பாஸ்கர் கடைப் பானையில் பாதியை நான்தான் காலி செய்தேன்.

முதல் பாகத்தில் நம் எல்லோரையும்விட நன்றாக ஆடியவன் குமரேசன். இரண்டாம் பாகத்தில் அவன் செத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் ஜந்து இடப்பக்கத்திலிருந்து வந்து அவனை அடித்தது. அவன் திரும்பக்கூட இல்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"லெஃப்ட் சைடு வரல பாஸ்கரு. ஹெட்போன் போயிடுச்சி."

நான் எடுத்து மாட்டிப் பார்த்தேன். இடது காதுக்குள் அந்த மூச்சு, கழுத்தில் சூடாகப் படுவதுபோல் தெளிவாகக் கேட்டது. அலறிவிட்டேன். ஹெட்போனில் ஒரு கோளாறும் இல்லை. குமரேசனைப் பார்த்தேன். அவன் முகத்தில் அப்போது இருந்த பயத்தை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. தனக்கு ஒரு காது கேட்காது என்று அவனுக்கே அந்த நிமிடத்தில்தான் உறுதியாயிற்று. பாஸ்கர் யாருடைய மருமகன் என்பதும் அவன் நினைவுக்கு வந்திருக்கும்.

"ஆமா, லெஃப்ட் அவுட்டு," என்றேன் நான். பாஸ்கர் ஹெட்போனைத் திட்டிக்கொண்டே தூக்கிப் போட்டான்.

டீ குடிக்கக் கீழே இறங்கியபோது குமரேசன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லாத சாமு. ஃபிட்டருக்குக் காது கேக்கலன்னா எவன்டா வெச்சிகினு இருப்பான்? எனக்கு வேற வேல தெரியாது." அதன்பிறகு டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். சின்ன வயதிலிருந்து ஷெட்டுக்குள்ளேயே வளர்ந்தவன் அவன். அங்கே தறி ஓடும்போது யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. கையைக் காட்டுவார்கள், வாயசைவைப் படிப்பார்கள், தோளைத் தட்டுவார்கள். அதனால் உள்ளே இருக்கும்வரை அவன் குறை ஒருவர் கண்ணிலும் படவில்லை. வெளியே வந்தால்தான் அவனுக்குப் பயம். தெருவில் சுவரை இடப்பக்கம் விட்டு, ஒட்டியே நடப்பான். அது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த அமாவாசையிலிருந்து நான் அவனுடைய இடப்பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். "எனக்கு ஹெட்போன்ல கேட்டா பயமா கீது, ஸ்பீக்கர்ல போடு," என்று பாஸ்கரிடம் சொன்னேன். அது பொய்யும் இல்லை. இடது ஸ்பீக்கரில் மூச்சு கேட்டதும் அவன் தோளைத் தட்டுவேன், அவன் திரும்பிச் சுடுவான். என் பயம் இரட்டிப்பாகிவிட்டது. முன்பெல்லாம் பயந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கலாம். இப்போது நான் எழுந்தால் அவன் செத்தான்.

ஆனாலும் என் கையை நம்பி இருக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. ஷெட்டில் கோளாறு தேடும்போது அவன் ஒரு காரியம் செய்வான். இரண்டு கையிலும் ஸ்பானர் இருக்கும். முட்டியைத் தறியின் சட்டத்தில் சாய்த்துக்கொண்டு, அதிர்வு எங்கே பிசகுகிறது என்று பார்ப்பான். அதையே இங்கேயும் செய்தான். இடது ஸ்பீக்கரைக் கீழே இறக்கி, முட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டான். ஊர்ந்து வரும் சத்தம் எனக்குக் காதில் விழுவதற்கும் அவன் திரும்புவதற்கும் சரியாக இருந்தது.

"இன்னாத்துக்குடா ஸ்பீக்கர இடுக்கிகினு கீற? கொழந்தையா அது?" என்று பாஸ்கர் கேட்டான்.

"குளுருதுடா," என்றான் குமரேசன். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கேமின் கடைசிக் கட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. கப்பலின் சுவர் உடைந்து உள்ளேயிருந்த காற்று முழுவதும் வெளியேறிவிடும். காற்று இல்லாத இடத்தில் சத்தம் இல்லை. மூச்சு கேட்காது, ஊர்வது கேட்காது. ஜந்து மட்டும் இருக்கிறது. பாஸ்கர் முதலில் சிடியில் கீறல் என்றான், அப்புறம் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். அப்புறம்தான் அது அப்படித்தான் என்று எல்லோருக்கும் உறைத்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்தோம், ஒவ்வொருவராகச் செத்தோம். மயானம் மாதிரி அமைதியாக இருந்த அந்த நடைபாதையில் நான் நாலடி எடுத்து வைப்பதற்குள் எழுந்துவிட்டேன். "இது பேஜார்டா, நமக்கு ஆவாது," என்றான் பாஸ்கர்.

குமரேசன் உட்கார்ந்தான். ஸ்பீக்கரைத் தொடவில்லை. இரண்டடி போவான், இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பான். மறுபடி இரண்டடி, மறுபடி இடம், பிறகு ஒருமுறை வலம், பின்னால். அவசரப்படவே இல்லை. ஜந்து வந்தபோதெல்லாம் அவன் அதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். கப்பலிலிருந்து அவன் வெளியேறியதும் மாடியே அதிர்கிற மாதிரி கத்தினோம்.

"எப்டிரா?" என்று அவன் முதுகில் அடித்தான் பாஸ்கர்.

வெற்றியில் அவன் தன்னை மறந்துவிட்டான். "இது எனக்குப் புதுசா? கேக்காத பக்கத்ததான் நான் எப்பவுமே பாத்துகினு கீறேன்," என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது.  மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். பாஸ்கர் அவனையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"அப்ப அந்த ஹெட்போன் நல்லாத்தான் இருந்துச்சா? பாவிங்களா!"

எல்லோரும் சிரித்தோம். குமரேசன் சிரிக்கவில்லை.

பாஸ்கரின் வாயில் எதுவும் தங்காது என்று ஊருக்கே தெரியும். மறுநாள் ஷெட்டுக்குப் போகவே குமரேசனுக்குக் கால் வரவில்லை. நான் வாசல்வரை கூடப் போனேன். அவன் பயந்தபடியே மதியத்துக்குள் விஷயம் முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. அவர் வந்து அவன் எதிரில் நின்றாராம்.  அவர் காலையில் நின்றுபோயிருந்த தறியைக் காட்டி, ஓடுகிறதா என்று கையால் கேட்டாராம். ஓடுகிறது என்று இவன் கையாலேயே சொன்னானாம். அவர் போய்விட்டார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் எப்போதும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் சந்தோஷமாக வருவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் முகம் தெளியவில்லை. "இத்தினி நாளா வேல போயிடும்னு பயந்துகினு இருந்தேன் சாமு. அது போவல. இப்போ குந்திகினு யோசிச்சா, இருக்கற காதும் போயிடுமோன்னு பயமா கீது. அப்போ ரெண்டு பக்கத்தயும் எப்டிடா பாப்பேன்?" அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். போனது போனதுதான், இருப்பதைப் பார்த்துக்கொள் என்றார் டாக்டர். குமரேசன் வலது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தறிக்கு நடுவே நிற்க ஆரம்பித்தான். அந்தக் காது கடைசிவரை கேட்டது. அந்தப் பயமும் கடைசிவரை போகவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது, அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பாஸ்கர் கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டுப் புடவை வியாபாரத்துக்குப் போனான். நாம் கலைந்துபோனோம். குமரேசனும் நானும் மட்டும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒன்றாக நடந்தோம், நான் இடப்பக்கம். பிறகு அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கைமருந்தில் தீர்ந்துவிடும் என்று இருந்தான், அது முற்றிவிட்டது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக அங்கே போனேன். அவன் மனைவி மல்லிகா மருந்து வாங்கப் போயிருந்தாள். கட்டிலின் இரும்புக் கம்பியில் முட்டியைச் சாய்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான், வலது காது மேலே இருக்கும்படி. நான் வார்டுக்குள் நுழைந்ததுமே, திரும்பாமலே, "யாரோ வராங்க," என்றான். அவன் குரலில் இருந்த பயம் எனக்குத் தொற்றிக்கொண்டது. இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவன் தோளைத் தட்டினேன்.

"நீயா," என்றான். பிறகு கண்ணை மூடியபடியே கேட்டான்: "லெஃப்ட்ல எதனா வருதாடா?"

எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது, எழுந்திருக்கவில்லை. "ஒன்னும் வரல. நான் கீறேன், நீ தூங்கு."

அவன் மெதுவாகப் புரண்டு மறுபக்கமாகப் படுத்தான். வலது காது தலையணைக்குள் புதைந்தது. தூங்கிப்போனான். நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மல்லிகா வந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அவன் புரண்டு படுத்ததை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு அதை மல்லிகாவிடம் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்ல காத தலகாணில வெச்சாரா? நெஜமாவாண்ணா?" என்றாள். "கல்யாணமான புதுசுல அவரு தூங்கவே மாட்டாரு. எப்பவும் அந்தக் காது மேலதான் இருக்கும், எது வந்தாலும் கேக்கணும்னு. நாந்தான் சொன்னேன், நான் கேட்டுக்கறேன், நீங்க தூங்குங்கன்னு. நான் பக்கத்துல இருந்தா மட்டுந்தான் அந்தக் காத கீழ வெப்பாரு. வேற யாரு இருந்தாலும் வெக்க மாட்டாருண்ணா. பெத்த அம்மா இருந்தாகூட."

 பாஸ்கர் வந்து என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனான். 

குமரேசனிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பொருள் இல்லை. அந்த ஸ்பீக்கர்கூட எங்கே போயிற்றோ தெரியாது. அவனுடைய பயம்தான் என்னிடம் இருக்கிறது. தெருவில் நடக்கும்போது, பஸ்ஸில் உட்காரும்போது, இரண்டடிக்கு ஒருமுறை என் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்புகிறது. என் இரண்டு காதும் நன்றாகக் கேட்கின்றன, ஆனாலும் பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அதை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் அவன் தூங்கினான்.