'கட்டி' என்று டைப் அடித்தேன்

துருப்பிடிச்ச குண்டூசிக்கு ஒரு வாசம் உண்டு. எனக்கு இன்னும் விரல்லயே இருக்கு...

தூத்துக்குடியில ஹார்பர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்க ரெக்கார்ட்ஸ் ரூம்லதான் என் முதல் வேலை. ஜன்னலைத் திறந்தா உப்புக்காத்து. ஃபைல்ல குத்தின குண்டூசி ஒரே மாசத்துல துருவேறி, பேப்பர்ல காப்பிக் கறை மாதிரி ஒட்டிக்கும்.

கேஸ் ஷீட்டைப் படிச்சு, ஒவ்வொரு நோய்க்கும் உள்ள கோடு நம்பரைப் போடணும். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிக்கணும். டாக்டர் கட்டுக் கட்டா கையெழுத்துப் போடுவார், படிக்க அவருக்கு நேரம் ஏது?

எனக்கு இருபத்திரண்டு வயசு. கோடு புக்கை மனப்பாடமா வச்சிருந்த திமிர் வேற.

ஒருநாள் மத்தியானம் ஜெசிந்தாவோட ஃபைல் வந்துச்சு. அவளுக்கும் என் வயசுதான். கரு கர்ப்பப்பையில தங்காம கருக்குழாயில தங்கி, குழாய் வெடிச்சு, உள்ளுக்குள்ள ரத்தம். இடது குழாயை எடுத்துட்டாங்க. ஆபரேஷன் நோட்ல தெளிவா இருந்துச்சு.

பின்னாடியே அவ மாமியார் வந்து நின்னாங்க.

"தாயி, மருமவளுக்கு நாங்க சொல்லல. கட்டின்னுதான் சொல்லிருக்கோம். எம் மவன் கப்பல் ஏறி ஒரு மாசந்தான் ஆவுது. இந்தச் சீட்டக் கேப்பான். மொதப் புள்ளயே இப்படின்னா, அங்கன தன்னந்தனியா கெடந்து என்ன செய்வான்? ஏளா, நீயும் கட்டின்னே எழுதிரு."

என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க.

சந்தேகம்னா டாக்டர்கிட்ட கேட்கணும், அதான் ரூல். ஒரு மாடி ஏறணும், அவ்வளவுதான். ஏறல. பாவமா இருந்துச்சு... நல்லது செய்யுறதா நினைச்சு, 'சினைப்பைக் கட்டி அகற்றப்பட்டது'ன்னு டைப் அடிச்சேன். கோடும் அதுக்கேத்த மாதிரி போட்டேன். கட்டோட கட்டா கையெழுத்தாகி வந்துடுச்சு.

அடுத்த வருஷம் அதே பேர்ல புது ஃபைல்.

புருஷன் லீவுல வந்துட்டுப் போனப்புறம் நாள் தள்ளிப்போயிருக்கு. வயித்துவலி வந்ததும், பழைய கட்டி வலிதான்னு மூணு நாள் கஷாயம் குடிச்சிருக்கா. அப்புறம் ஒரு கிளினிக்ல என் சம்மரியைக் காட்டியிருக்கா. அவங்க வலி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ஒரு தடவை குழாயில தங்கினவளுக்கு மறுபடியும் தங்கலாம். அது தெரிஞ்சிருந்தா நாள் தள்ளின வாரமே ஸ்கேன் எடுத்திருப்பாங்க. மயங்கி விழுந்தப்புறம்தான் எங்ககிட்ட தூக்கிட்டு வந்தாங்க.

வலது குழாயும் போச்சு. உயிர் மட்டும் மிச்சம்.

சம்மரி கொடுக்க நானே வார்டுக்குப் போனேன். 'இடது குழாய் ஏற்கெனவே அகற்றப்பட்டது'ன்னு இந்தத் தடவை உண்மையை அடிச்சிருந்தேன். ஜெசிந்தா வாசிச்சுட்டு நிமிர்ந்தா.

"எக்கா, போன தடவ வந்ததும் இதானா?"

மாமியார் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"எனக்குத் தெரியலம்மா"ன்னு சொன்னேன்.

இப்போ வீட்லயிருந்தே வெளிநாட்டு ஃபைல்களுக்கு கோடு போடுறேன். குண்டூசி கிடையாது, துரு கிடையாது. சந்தேகம்னா ஒரு பட்டன், டாக்டருக்குக் கேள்வி போயிடும். இவளை மாதிரி கறாரான ஆள் கிடையாதுன்னு டீம்ல சொல்றாங்க.

ஜெசிந்தா இங்கயேதான் இருக்கா. பிள்ளை இல்ல. மாதா கோவில் திருவிழாக் கூட்டத்துல பார்த்தா, அவளாவே கையாட்டி "எக்கா, நல்லாருக்கியளா?"ன்னு கேட்பா.

நாலு எட்டு நடந்து போய், 'நான்தான் மாத்தி அடிச்சேன்'னு சொன்னாப் போதும்.

இந்த வருஷமும் கையாட்டிட்டு வந்துட்டேன்.