வெள்ளிக்கிழமையும் மீனெண்ணெய்க் குளிசையும்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் முட்டைகூடப் படியேறாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக மூன்றாம் மாடியில் இருந்தோம். கீழ்வீட்டில் மீன் பொரித்தாலே அம்மா யன்னலைச் சாத்திவிடுவார். அப்படிப்பட்டவர், நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்வந்த கையோடு மீனெண்ணெய்க் குளிசைப் போத்தலைத் திறந்தார்.

போத்தல் லண்டனிலிருந்து பெரியம்மா அனுப்பியது. மூளைக்கு நல்லதாம். அதை விழுங்குவது எனக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. ஆனால் முதல் நாளே அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "அப்பாவுக்கு முன்னால, விழுங்கப் பயமா இருக்கெண்டு சொல்லு" என்று சொல்லித் தந்திருந்தார். கரும்பு தின்னக் கூலி கேட்பேனா? நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிணுங்குவேன். "பிள்ளை பயப்பிடுது. நீங்களும் ஒண்டு போட்டுக் காட்டுங்கோவன்" என்பார் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே ஒன்றைப் போடுவார்.

அப்பாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. பம்பலப்பிட்டியில் கணக்கு ரியூசன் கொடுத்தவர், முதல் நாள் செய்த கணக்கையே மறுநாளும் செய்வித்தார். ஒருமுறை பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், தெஹிவளையில் நின்று போன் எடுத்தார். எனக்கு இதெல்லாம் பகிடி. குளிசை என்று அம்மா வாய் திறந்தாலே, "எனக்கென்ன, மூளை பழுதோ?" என்று அவர் சாப்பாட்டை விட்டு எழும்பிவிடுவார். வளர்ந்த பிறகுதான் கேள்விப்பட்டேன்: இதால் மறதி மாறும் என்று டொக்டர்கூடச் சொல்லவில்லையாம். கெடுதல் இல்லை என்று மட்டும் சொன்னாராம். பாவம் அம்மா, அவ்வளவையே பிடித்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் சும்மா இருக்கவில்லை. "அம்மா, இண்டைக்கு வெள்ளி. இது மச்சமெல்லோ?" என்று கேட்டேன்.

"முருகனிட்டச் சொல்லிப்போட்டன். நீ போடு."

என் சோதனைக்காக முருகனே விட்டுக்கொடுக்கிறார் என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள்! பள்ளிக்கூட வான் வண்டியில் ஒருவர் விடாமல் பீற்றிக்கொண்டேன்.

பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டேன். அப்பா கேக் வாங்கி வந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போனவர் இன்னொரு கேக்கோடு வந்தார். எனக்குக் கொண்டாட்டம். அம்மா இரண்டையும் வெட்டினார்.

மறுநாள் காலை குளிசையை நீட்டியபோது, "சோதனைதான் முடிஞ்சுதே! எனக்கு இனி வேண்டாம்" என்றேன்.

"அப்ப எனக்கும் வேண்டாம்" என்று அப்பா தன்னுடையதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவரோ என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சக் காலத்துக்குப் பயப்பிடு, ராசாத்தி" என்றார்.

போய் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிணுங்கினேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எனக்குத் துணைக்கு வந்தார். அடுத்த பெரிய சோதனைக்கு எத்தனையோ வருடம் இருக்க, அதற்கு இப்போதே அழுகிற அம்மாவை நினைத்து எனக்குச் சிரிப்பாக இருந்தது.