மூன்று சின்ன ஓட்டை

வலது தோளில் தசைநார் கிழிந்தது வீரச்செயல் எதிலும் இல்லை. பரண் மேலிருந்து பழைய மிக்சிப் பெட்டியை இழுத்தேன், அவ்வளவுதான். "ஆள் வச்சு இறக்கலாங்க" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் பெட்டி தரைக்கு வந்துவிட்டது. என் கை மேலே போகவில்லை.

தில்லைநகர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மூணு சின்ன ஓட்டைதான் சார். நாரை எலும்போட சேர்த்துத் தைச்சிடுவோம். மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்."

வீட்டுக்குப் போனபின் என்ன என்று நான் கேட்கவில்லை. 'சந்தேகம் இருந்தா கேளுங்க' என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவரும் கணக்கு வாத்தியார் நான்.

ஆபரேஷன் அன்று கை மரத்துக் கிடந்தது. பார்க்க வந்தவர்களிடம், வலியே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். மறுநாள் காலையில் மருந்தின் வேகம் இறங்கியது. அப்புறம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில். படுக்க முடியாது, சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். தயிர்சாதத்துக்கு ஸ்பூன். வேட்டியை மனைவி கட்டிவிட்டாள். "கொஞ்சம் இறுக்கமா" என்றால், "மூச்சு விடணும்ல" என்பாள்.

அவள் ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டபோதெல்லாம், "காவிரிப் பாலத்து டிராஃபிக்ல உன்னால முடியாது" என்று சொல்லி வந்திருக்கிறேன். மூன்றாவது வாரம், மாடி வீட்டு டீச்சர் அவளைக் கொள்ளிடக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பழக்க ஆரம்பித்தார். வண்டி என்னுடையது. என்னை யாரும் கேட்கவில்லை. சாவி இருக்குமிடம் மட்டும் கேட்டார்கள்.

தொட்டில் கழன்றதும் பிசியோதெரபி. முதலில் ஆட்டோவில் போனோம். அவளுக்கு லைசென்ஸ் வந்ததும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பின்சீட்டில் ஏறினேன். பாலத்தில் ஒரு டவுன் பஸ் உரசுகிற மாதிரி வந்தது.

"ஓரமாப் போ, ஓரமாப் போ."

"ஓரத்துலதாங்க போறேன். இதுக்கு மேல போனா காவிரிதான்."

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிசியோதெரபி பெண் என் விரல்களைச் சுவரில் மேல்நோக்கி நடக்க விட்டு, தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போடுவாள். என் மகளைவிடச் சின்னவள். "இன்னும் கொஞ்சம் சார், முயற்சி பண்ணுங்க" என்பாள். நான் வகுப்பில் சொல்கிற அதே வார்த்தை. கேட்பவனுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் மாதம் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நல்லதுங்க. ஆனா நாளைக்கு எனக்கு மலைக்கோட்டைல வேலை இருக்கு. பிசியோதெரபிக்கு நீங்க பஸ்ல போயிடுங்களேன்."

போனேன். உட்கார இடமில்லை. பஸ் பாலத்தில் ஏறிக் குலுங்கியபோது, யோசிக்காமல் வலது கையை உயர்த்தி மேல்கம்பியைப் பிடித்தேன். எட்டியது. வலிக்கவில்லை. ஸ்டாப் வந்தும் இறங்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.