விசில்காரரின் தண்ணீர்ப் போத்தல்

என் சின்ன மாமா பந்தடிக்கு விசில் ஊதப் போகிற நாளில் வீட்டில் யாரும் அவரோடு கதைக்கக் கூடாது. கதைத்தாலும் மறுமொழி வராது. நோட்டீசில் மத்தியஸ்தர் என்று போடுவார்கள். எங்கள் குடியேற்றக் கிராமத்தில் அவர் விசில்காரர்தான். அம்மாவின் தம்பி, கலியாணம் ஆகாதவர், எங்கள் வீட்டில் இருந்துதான் வயல் செய்தார்.

இப்போது பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பந்தாட்டம் பார்க்கும்போது நானும் ஒரு கரையில் இருந்து பார்ப்பேன். அவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் விசில்காரரைப் பார்ப்பேன். இந்த மனுசன் வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னம் என்னவெல்லாம் செய்திருப்பார் என்றுதான் என் யோசனை போகும்.

மாமா முதல்நாளே தொடங்கிவிடுவார். கை நகம், கால் நகம் வெட்டுவார். கறுப்புச் சட்டையைத் தோய்த்து நிழலில் காயப்போடுவார். தன் மணிக்கூட்டையும் அப்பாவின் மணிக்கூட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்து ஓடுகின்றனவா என்று போக வரப் பார்ப்பார். விசிலுக்குள் கடலை போல ஒரு குண்டு இருக்கும். அதைக் காதோடு வைத்துக் குலுக்குவார். ஒன்று நின்றுபோனால் ஊத இன்னொரு விசில். சப்பாத்துக்கு மை பூசும்போது மை டப்பாவைப் பிடிக்கிற வேலை எனக்கு. எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. ஏன் எதற்கு என்று கேட்க ஆயிரம் இருந்தும் வாய் வராது. வெளி ஆட்களைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுகிற பிள்ளை நான்.

கடைசியாக ஒரு போத்தலில் ஆறவைத்த தண்ணீர் நிரப்புவார். விளையாட்டு நடக்கிற ஊரில், அது முடியும்வரை, ஒருவர் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். முன்னொரு தடவை மல்லாவிப் பக்கத்தில் யாரோ அன்பாகக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டாராம். அந்த ஊர் வென்றுவிட்டது. தோற்றவர்கள் பிறகு கண்ட இடமெல்லாம், “இளநீருக்கு விசில் ஊதினவர் போறார்” என்று சொல்லிச் சிரித்தார்களாம்.

ஒருமுறை பக்கத்துக் குடியேற்ற அணிக்கும் பூநகரி அணிக்கும் ஆட்டம். அந்தக் குடியேற்றத்தின் மைதானத்துக்கு எதிர்ப்படலை வீட்டில்தான் மாமாவுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. இன்னும் முடிவாகவில்லை. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேசக்கூடாத நாளில் பேசிவிட்டா.

“அவையின்ரை வாசலாலைதான் போகவேணும். கூப்பிடுவினம். நீ கை நனையாமல் வந்தியெண்டால் பெட்டையைப் பிடிக்கேல்லையெண்டுதான் எடுப்பினம்.”

“கை நனைச்சால் பூநகரிக்காரர் என்ன எடுப்பினம் அக்கா?”

“அப்ப இந்தமுறை போகாதை.”

“வாறனெண்டு சொல்லிப்போட்டன்.”

மாமா கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தார். பிறகு மை டப்பாவைப் பார்த்தார். டப்பாவைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார்.

“இவளையும் ஏத்திக்கொண்டு போறன்.”

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. எத்தனையோ தரம் அழுதும் கூட்டிப்போகாத மாமா! டப்பாவை ஆடாமல் பிடித்ததற்குத்தான் இந்தப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டு வேலிப் படலையில் பெண்ணின் தகப்பனார் காத்துக்கொண்டு நின்றார்.

“வாங்கோ தம்பி, உள்ளுக்கை வாங்கோ.”

“விளையாட்டு முடியட்டும் ஐயா.”

தாயார் ஒரு தட்டத்தில் பயத்தம் பணியாரமும் வாழைப்பழமும் கொண்டுவந்தார். தேத்தண்ணியும் வந்தது. மாமா தட்டத்தைப் பார்க்கவேயில்லை. தகப்பனாரின் முகம் சுருங்கியது.

“எங்கடை வீட்டுச் சாப்பாடு தம்பிக்கு ஒத்துவராது போலை” என்றார்.

“அப்பிடியில்லை ஐயா. இவள் சாப்பிடுவாள். எங்கடை வீட்டுப் பிள்ளைதானே.”

மாமா என்னைச் சைக்கிளிலிருந்து இறக்கி முன்னுக்குத் தள்ளினார். எனக்கு உடம்பு கூசியது. சைக்கிள் பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமா குனிந்தார். ஊர் முழுக்கக் கூச்சல் போட்டாலும் அசையாத மனுசனுக்கு நெற்றி வேர்த்திருந்தது.

“வேண்டாமெண்டு சொல்லாதை பிள்ளை. ஒண்டே ஒண்டு.”

நான் மாட்டேனென்று தலையை ஆட்டினேன். அப்போது குசினி அடுப்படியிலிருந்து ஒரு அக்கா வந்தார். என் பக்கத்தில் நிலத்தில் குந்தி, ஒரு பணியாரத்தை எடுத்துத் தான் பாதி கடித்தார். மற்றப் பாதியை என் வாயருகில் நீட்டினார். ஏனென்று தெரியாது, வாயைத் திறந்துவிட்டேன். பிறகு நானாகவே இன்னொன்று எடுத்தேன். அதற்குப் பிறகும் எடுத்தேன்.

“பிள்ளை கை நனைச்சிட்டுது” என்று தாயார் தகப்பனாரைப் பார்த்துச் சொன்னார். மாமா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

மாமா மைதானத்துக்குள் இறங்கினார். நான் அந்த அக்காவோடு வேலியடியில் நின்றேன். மாமா மூலைக்கு மூலை நடந்து முள்ளும் போத்தல் ஓடும் பொறுக்கினார். மீன்பிடி வலையைத்தான் கோலுக்குக் கட்டியிருந்தார்கள். அதை முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். பந்தைத் தோளுயரத்தில் இருந்து விழவிட்டு எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார். போதாதென்று சைக்கிள் பம்பால் காற்றடிக்கச் சொன்னார். வெறுங்காலோடு விளையாடுகிறவர்களை வரிசையில் நிறுத்திக் கால் நகம் பார்த்தார். கோல் காக்கிறவரின் கையில் வெள்ளிக் காப்பு இருந்தது. கழற்றச் சொன்னார். அவர் முறைத்துக்கொண்டே கழற்றினார்.

“எங்கடை அண்ணாதான்” என்று அக்கா சிரித்தார்.

அக்கா என்னிடம் நிறையக் கேட்டார். விசில்காரரின் ஆயத்தம் எல்லாம் எனக்குத்தானே தெரியும்! முதல்முறையாக ஒரு வெளி ஆளோடு வாய் ஓயாமல் கதைத்தேன். அவர் கேட்டதோ வேறு மாதிரியாக இருந்தது.

“வீட்டிலையும் இப்பிடித்தான் எல்லாத்தையும் இழுத்து இழுத்துப் பாப்பாரோ?”

“ஓம்.”

“கறிக்கு உப்பில்லாட்டில் விசில் ஊதுவாரோ?”

“இல்லை. பேசாமல் சாப்பிடுவார்.”

அக்கா வேலித்தடியைப் பிடித்துக்கொண்டு மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்தாட்டம் பார்க்க வந்து நிற்கிற இவர், பந்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையே என்று எனக்கு யோசனை.

ஆட்டம் முடிகிற நேரம், கோலுக்கு முன்னால் பூநகரி ஆளை அக்காவின் அண்ணா கையால் பிடித்து விழுத்திவிட்டார். மாமா விசிலை ஊதிப் பெனால்ட்டி கொடுத்தார். பந்து வலைக்குள் போனது. அந்த ஒரே கோலோடு பூநகரி வென்றது.

“விசில்காரா, கண்ணை மல்லாவிச் சந்தையிலை வித்துப்போட்டோ வந்தனீ?” என்று ஒருவர் கத்தினார். தகப்பனார் எழும்பி வீட்டுக்குப் போனார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. பணியாரம் தந்த வீடு தோற்றுவிட்டதே என்று எனக்கும் அழுகை வந்தது.

எல்லோரும் கலைந்தபின் மாமா சைக்கிளடிக்கு வந்தார். தாகத்தில் உதடு வெடித்திருந்தது. பையிலிருந்து போத்தலை எடுத்தார். குடிக்கப்போகிறார் என்று பார்த்தேன். மூடியைத் திறந்து, நிறைய இருந்த தண்ணீரை அப்படியே புல்லில் கவிழ்த்து ஊற்றினார். கடைசிச் சொட்டும் விழும்வரை உதறினார். பிறகு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படலைக்குப் போனார்.

“ஐயா, தண்ணி முடிஞ்சுது. குடிக்கக் கொஞ்சம் தருவியளோ?”

தகப்பனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். கிணற்றடியில் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணா திரும்பிப் பார்த்து, “பிடிச்சது உண்மைதான் அப்பா” என்று முணுமுணுத்தார். தகப்பனார் குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“பிள்ளை, தம்பிக்குத் தண்ணி குடு.”

அக்கா செம்போடு வந்தார். மாமா ஒரே மூச்சில் குடித்தார். இன்னும் ஒரு செம்பு கேட்டார். நான் வெறும் போத்தலைப் பார்ப்பதை அக்கா கண்டுவிட்டார். உதட்டில் விரலை வைத்தார்.

“ஏன் மாமா தண்ணியை ஊத்தினீங்கள்?” என்று வழியில் கேட்டேன்.

“விளையாட்டு முடிஞ்சாப்பிறகு செய்யிற வேலை அது” என்றார். நானும் அதை நகம் வெட்டுகிற, மணிக்கூடு பார்க்கிற வேலைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் கலியாணம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு பளையில் ஒரு ஆட்டத்துக்கு மாமா என்னை மறுபடி ஏற்றிப் போனார். கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்தது. மாமா போத்தலைத் திறந்து, அடிவரைக்கும் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்: “அம்மா, மாமா கலியாணம் கட்டினாப்பிறகு வேலையை ஒழுங்காச் செய்யிறேல்லை.”

அரிசி களைந்துகொண்டிருந்த மாமி ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.