வெங்காய வண்டிக்கு ஒரு நிமிட மௌனம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் திண்டுக்கல்லில் சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்வை வழிய உட்கார்ந்துகொண்டு, "இன்று உங்கள் பக்கம் உறைபனி எப்படி?" என்று விசாரிக்கும் மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். எனக்கு விடாத காய்ச்சல் என்று முடிவுசெய்து, நல்ல டாக்டர் ஒருவரின் பெயரையும் என் மனைவி மல்லிகாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வாரம் தவறாமல் ஞாயிறு மட்டும் வரும் காய்ச்சல் அவருக்கு அதிசயமாகப் படவில்லை.

ஸ்காட்லாந்தின் வடகரையில் ஒரு சிற்றூரில் முப்பது வருடம் தகவல்தொடர்புப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அங்கே பனி விழத் தொடங்கியதும் திண்டுக்கல், இங்கே வெயில் ஏறத் தொடங்கியதும் ஸ்காட்லாந்து. நல்ல பருவத்தை மட்டும் அனுபவித்துவிட்டு நழுவுகிறவன் என்று இரண்டு ஊரிலும் எனக்குப் பெயர் உண்டு. பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் பேசிக்கொள்ளும் அங்குள்ள ஹாம் ரேடியோ கிளப்பார் ஞாயிறு காலை பத்து மணிக்கு, நமக்குப் பிற்பகல் மூன்றரைக்கு, வானலையில் கூடுவார்கள். ஒருவர் பெயர்களை வரிசையாக அழைத்து, ஒவ்வொருவருக்கும் பேச முறை கொடுத்து, கூட்டத்தை நடத்த வேண்டும். அந்த ஒருவர் நான்தான். அந்த ஊர் எனக்குக் கொடுத்த ஒரே பதவி அது. இணையத்தையும் ரேடியோவையும் இணைக்கும் மென்பொருள் இருப்பதால், திண்டுக்கல்லில் என் மடிக்கணினியில் ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பேசினால் அந்த ஊர்க் குன்றின்மேல் உள்ள ரிப்பீட்டர் என்னும் மறு ஒலிபரப்புக் கருவி வழியாக அவர்கள் ரேடியோவில் என் குரல் ஒலிக்கும். அங்கே இருக்கும் மாதங்களிலும் வீட்டிலிருந்து இதே மடிக்கணினியில்தான் பேசிவந்தேன்.

என் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேட்டால் எல்லோரும் "ஐந்து ஒன்பது" என்பார்கள். தெளிவுக்கு ஐந்து, வலிமைக்கு ஒன்பது. ரேடியோவில் அதற்குமேல் மதிப்பெண் கிடையாது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் குறைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி வாங்கியதில்லை.

இந்தப் பருவத்தில் ஒரு ஞாயிறு, நான் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் தெருவில் வெங்காய வண்டி வந்தது. வண்டிக்காரர் தன் குரலைப் பதிவுசெய்து, கூம்பு ஒலிபெருக்கியில் ஓடவிட்டுக்கொண்டே வருவார். கிளப் தலைவர் டக்ளஸ் மிகத் தாழ்ந்த குரலில், "மன்னியுங்கள், அது ஏதேனும் வழிபாடா?" என்று கேட்டார். சின்ன வெங்காயம், பல்லாரி வெங்காயம், சுமையேற்றும் ஆட்டோ, ஒலிபெருக்கி என்று கடல் கடந்து விளக்குவதைவிட "ஆம்" என்பது சுலபம். "ஆம்" என்றேன். அன்றிலிருந்து வண்டி எங்கள் தெருவைக் கடக்கும்வரை கிளப் முழுவதும் மரியாதையுடன் மௌனம் காத்துவந்தது.

பிறகொரு நாள் டக்ளஸ் சொன்னார்: "குளிர்காலத்தில் நீங்கள் இந்தச் சிரமத்தை எல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? நன்றாக ஓய்வெடுங்களேன். அடுத்த ஞாயிறு முடிந்ததும் இதுபற்றிப் பேசுவோம்." என்மேல் எவ்வளவு அக்கறை என்று மல்லிகாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவர்களின் மொழி எனக்குத் தெரியும். அவர்களை அவளுக்குத் தெரியும்.

"போயிருங்கன்னு சொல்றாரு. மரியாதையாச் சொல்றாரு, அம்புட்டுத்தான்."

"அப்படிச் சொல்லவே இல்லையே."

"அவுக கதவத் தொறந்து வச்சுக்கிட்டு, வெளிய வெயில் நல்லாருக்குன்னு சொல்லுவாக. நீங்க வெயிலப் பத்திப் பேசிக்கிட்டு நிப்பீங்க."

ஒரே பதவியும் போகப்போகிறது என்று உறைத்ததும், என்னிடம் என்ன குறை என்று வேறு யாரிடமாவது விசாரிக்க, மறுநாளே நம் ஊர்ப்பக்கத்து மலைமேல் உள்ள ரிப்பீட்டருடன் மென்பொருளை இணைத்து அழைத்தேன். வத்தலக்குண்டிலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர் பதில் சொன்னார். பெரிய மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், ஹாம் உரிமம் உள்ளவர். என் குரல் எப்படி என்று கேட்டேன்.

"சார், சொன்னா கோவிச்சுக்கிறக் கூடாது."

"சொல்லுங்க சிஸ்டர்."

"தகரக் கூரையில மழ பேஞ்ச மாதிரி இருக்கு. எங்க வார்டுல ஒருத்தர் இப்புடிப் பேசுனா ஒடனே ஆக்சிஜன் வச்சிருவோம். ஆனா பின்னாடி வெங்காயம் விக்கிறான் பாருங்க, அவன் பேசுறது மணி மாதிரி விழுகுது."

"ஸ்காட்லாந்தில் எல்லாரும் ஐந்து ஒன்பதுன்னாங்களே!"

"நல்லவுகளா இருப்பாக. செத்த நேரம் பேசாம இருந்து, மைக்க விரலால தட்டுங்க."

தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டின் மைக்கைத் தட்டினேன்.

"தட்டிட்டீங்களா?"

"தட்டிட்டேனே."

"ஒண்ணும் வரல. லேப்டாப்பத் தட்டுங்க."

தட்டினேன்.

"ஆத்தி! காதுக்குள்ள இடி விழுந்திருச்சு!"

மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தேன். ஒலி உள்ளே வரும் வழியாக, மடிக்கணினியோடு பிறந்த மைக் தேர்வாகியிருந்தது. அதன் பூஸ்ட், அதாவது சின்ன ஒலியையும் பெரிதாக்கும் அளவு, உச்சத்தில் நின்றது. நானோ இத்தனை காலம் ஹெட்செட் மைக்கின் அளவை மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்து, அதில் பணிவாகப் பேசிவந்திருக்கிறேன். பேசியது ஒரு மைக்கில், கேட்டுக்கொண்டிருந்தது இன்னொன்று. மென்பொருளின் அளவுப்பட்டை எப்போதும் சிவப்பில் நின்றதை என் குரலின் கம்பீரம் என்று நினைத்திருந்தேன். வேலையில் இருந்தபோது நடைமுறைக் கையேடுகள் எழுதியவன் நான். ஒவ்வொன்றின் முதல் வரியும் இதுதான்: எந்தக் கருவி இயங்குகிறது என்பதை முதலில் உறுதிசெய்க. முதல் வரியை யார் படிக்கிறார்கள்?

எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். ஹெட்செட் மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். பூஸ்ட்டைப் பூஜ்யமாக்கினேன். பேசும்போது பட்டை மஞ்சளைத் தொட்டுத் திரும்பும்படி அளவை வைத்தேன். நாம் பேசியதை நமக்கே திருப்பி அனுப்பும் சோதனை நிலையம் ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. புதியவர்களுக்கானது என்று அந்தப் பக்கமே போகாதவன் அன்று போனேன். வணக்கம் சொன்னேன். யாரோ ஒரு வயதானவர் மெல்லிய குரலில் திருப்பி வணக்கம் சொன்னார். ஸ்டெல்லா சிஸ்டரிடம் மறுபடி கேட்டேன். "இப்பத்தான் மனுசன் பேசுற மாதிரி இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஞாயிறு வந்தது. பெயர்களை அழைத்தேன். டக்ளஸ், "மிக மிக நன்றாக இருக்கிறது" என்றார். இதுவரை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை அந்த இரண்டு 'மிக'விலிருந்து கணக்கிட்டுக்கொண்டேன். வழக்கம்போல ஒரு நகைச்சுவை சொன்னேன். வாரந்தோறும் விழுந்து விழுந்து சிரிப்பவர்கள் அவர்கள். அன்றுதான் முதன்முறையாக நான் சொன்னது அவர்களுக்கு விளங்கியது, ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியாக ஆங்கஸை அழைத்தேன். தொண்ணூறைத் தாண்டியவர், முதியோர் இல்லத்தில் இருப்பவர், இரண்டு காதிலும் கருவி. இளமையில் மீன்பிடிக் கப்பல்களில் ரேடியோ ஆபரேட்டராக, புயல் இரைச்சலுக்குள் மனிதக் குரலைத் தேடிப் பிடித்தவர். மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. பிறகு வந்தார். என்னிடம் பேசவில்லை.

"டக்ளஸ், யார் இந்தப் புது ஆள்? நல்லவர்தான் போலிருக்கிறது, முணுமுணுக்கிறார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நம் ஆள் எப்போது வருவார்? இன்று அந்தப் பிரார்த்தனையும் இல்லையே."

டக்ளஸ் தொண்டையைச் செருமினார். 'நம் ஆள்.' முப்பது வருடம் அந்த ஊரில் வரி கட்டி, வாசலில் பனி தள்ளி, "நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்வுபெற்றவன் நான். அப்படி ஒரு பெயர் எனக்கு அங்கே இருப்பதை, நான் வேறு யாரோ ஆனபிறகுதான் கேட்க வாய்த்தது. மல்லிகாவிடம் சொன்னேன்.

"நம்ம ஆளாமா? சும்மாக் கெடைக்குமா அது! விட்றாதீங்க" என்றாள்.

டக்ளஸ் அதன்பிறகு ஓய்வைப் பற்றிப் பேசவில்லை, பதவி தப்பியது. ஆனால் இப்போது என்னிடம் ஒரு புதிய நடைமுறை இருக்கிறது. மற்றவர்களுக்கு ஹெட்செட் மைக், மஞ்சள் பட்டை, அடைத்த சன்னல். ஆங்கஸின் முறை வருமுன் அமைப்புகளைத் திறந்து பழைய மைக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூஸ்ட் உச்சம். தெருப்பக்கச் சன்னல் திறப்பு. முப்பது வருடம் நான் எழுதிய எந்தக் கையேட்டுக்கும் நேர் எதிரானது இது.

போன ஞாயிறு அப்படித்தான் செய்து, "ஆங்கஸ், கேட்கிறதா?" என்று கரகரத்தேன்.

"ஆ, வந்துவிட்டார்! ஐந்து ஒன்பது!" என்றார்.

அது பொய்யில்லாத ஐந்து ஒன்பது. நன்றி சொல்ல ஸ்பேஸ் பட்டனை அழுத்தினேன். அதே நேரம் தெருமுனையில் வண்டி திரும்பியது. வாயை மூடிக்கொண்டு பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தேன். ஒலிபெருக்கி நெருங்கி நெருங்கி வந்தது. அங்கே பனிக்குள் ஒரு கிளப் முழுவதும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். சமையலறையிலிருந்து மல்லிகா கத்தினாள்:

"ஏங்க, சாம்பாருக்கு ஒரு வெங்காயம் இல்ல. வண்டி போயிரப்போகுது, ஓடுங்க!"

விரலை எடுத்தால் அங்கே பிரார்த்தனை கலையும். எடுக்காவிட்டால் இங்கே சாம்பார் போகும். வண்டி எங்கள் வாசலுக்கு வந்து ஒரு நொடி நின்றது. சன்னல் வழியாக இடது கையை நீட்டி, சத்தமில்லாமல் ஆட்டினேன்.